நாலரைக்குள் வாங்கிய லேப்டாப்

புதன்கிழமை மத்தியானம் ஆடிட்டர் போன் செய்தபோது நான் என் கணவரின் வலது காலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தேன். ஒரு வேளைக்கு இருபது தடவை செய்ய வேண்டும் என்று பிசியோதெரபி சொல்லிக்கொடுத்த பெண் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். பதினாலில் நிறுத்திவிட்டு, "ஆபீஸ்லேர்ந்து, இருங்க" என்று போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனேன்.

பதினோரு வருடமாகத் தினமும் கீரனூரில் பஸ் ஏறித் திருச்சிக்குப் போய், அந்த ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு ஏற்றும் வேலை பார்த்தவள் நான். கடைக்காரர்கள் மஞ்சள் பையில் கட்டி அனுப்பும் பில்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக் கம்ப்யூட்டரில் பதிவதுதான் வேலை. கணவர் பக்கவாதத்தில் விழுந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. முதல் மாதம் லீவு. இரண்டாவது மாதம் சம்பளம் இல்லாத லீவு. மூன்றாவது மாதம் எப்படி என்று நானும் கேட்கவில்லை, ஆடிட்டரும் சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் இப்போது கூப்பிட்டிருந்தார்.

"நானும் எவ்வளவு நாள்தாம்மா பொறுக்குறது? இருபதாம் தேதி ரிட்டர்ன் போடணும். வர முடியாதுன்னா வீட்ல இருந்தே பண்ணுங்க, எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல. ஆனா லேப்டாப் நீங்கதான் வாங்கிக்கணும். திங்கட்கிழமை காலையில பத்து மணிக்கு ரெடியா இருக்கணும். இல்லைன்னா ஒரு பொண்ணு கேட்டுக்கிட்டே இருக்கு, அத வரச் சொல்லிருவேன்."

"திங்கட்கிழமை பத்து மணிக்கு லேப்டாப்போட உக்காந்துருவேன் சார், வேற யாரையும் வரச் சொல்லிராதீங்க" என்று பதற்றத்தில் கத்தியே சொன்னேன். ஆடிட்டர் மோசமான மனிதர் இல்லை. கணக்கு சாஃப்ட்வேரை ஒரு பென் டிரைவில் போட்டு, வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினார். நான் கீரனூர் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்து வாங்கிக்கொண்டேன். "ஞாயித்துக்கிழமையே ஏத்தி வச்சிருங்க, திங்கட்கிழமை வந்து அது வரல இது வரலன்னு சொல்லக் கூடாது" என்று மறுபடியும் ஒரு போன்.

எங்கள் வீட்டுக்கு வேறு வருமானம் கிடையாது. கணவர் சின்ன லோடு வண்டி ஓட்டியவர். மீமிசலில் விடியும் முன் மீன் ஏற்றி, பனிக்கட்டி கரைவதற்குள் திருச்சி மார்க்கெட்டில் இறக்கிவிடுவார். விழுந்த நாளிலிருந்து, வாய் குழறியபடியே, "அடுத்த மாசம் வண்டி எடுத்துருவேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஸ்டியரிங் பிடித்த கை டம்ளர் பிடிக்கவில்லை. டாக்டர் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, நடக்க வைத்துவிடலாம், வண்டியை மறந்துவிடுங்கள் என்று சொன்னார். அதை நான் இவரிடம் சொல்லவில்லை. எனக்குச் சம்பளத்தோடு லீவு கொடுத்திருக்கிறார்கள் என்று வேறு சொல்லி வைத்திருந்தேன். இப்போது போய் ஆபீஸை வீட்டுக்குள் கொண்டு வந்து வைத்தால், இவள் நம்மைக் கை கழுவிவிட்டாள் என்று நினைப்பார். அந்த நினைப்பிலேயே ஆள் உருகிப்போய்விடுவார் என்று பயந்தேன்.

அதனால் லேப்டாப் மகளின் படிப்புக்கு என்று சொன்னேன். மகள் பிளஸ் ஒன். பொருத்தமான பொய். பகலில் அவள் பள்ளிக்கூடம் போனதும் அடுப்படியில் உட்கார்ந்து வேலையை முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். அவர் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டு, "தம்பியக் கூட்டிக்கிட்டுப் போ" என்றார்.

தம்பி என்றால் என் கொழுந்தனார். சவூதியிலிருந்து லீவில் வந்து, வல்லத்திராக்கோட்டையில் என் மாமியார் வீட்டில் இருந்தார். தங்கமான மனிதர்தான். ஆனால் டார்ச் லைட்டிலிருந்து டிராக்டர் வரை எதை வாங்குவதாக இருந்தாலும் அதைப் பற்றித் தனக்குத் தெரியும் என்பார். காதில் விழுந்தது எதுவும் அவர் வாயில் அரைமணி நேரம் தங்காது. அவரிடம் ஒன்று சொன்னால் அன்று சாயங்காலமே வல்லத்திராக்கோட்டை முழுவதும் பேசும், ராத்திரிக்குள் என் கணவர் காதுக்கும் வந்து சேரும். பாலைவனத்தில் ஒன்பது வருடம் இருந்தும் ராகு காலத்தை மட்டும் விடாத ஆள். ஞாயிற்றுக்கிழமைதான் தோது என்று நாள் குறித்தவரும் அவரே.

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் மூன்று மணிக்கு மோட்டார் சைக்கிளோடு நின்றார். கீழ ராஜ வீதியை ஒட்டிய ஒரு சந்தில் கடை. உள்ளே நுழைந்ததும் என் திட்டத்தை இன்னொரு முறை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டேன். எப்படியாவது இவரை இரண்டு நிமிடம் வெளியே அனுப்ப வேண்டும். கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும்: என் கணக்கு சாஃப்ட்வேர் இதில் ஏறுமா?

பதினோரு வருடம் கம்ப்யூட்டரில் வேலை செய்தவளுக்கு இதுகூடத் தெரியாதா என்று கேட்கலாம். எனக்குத் தெரிந்தது என் மேஜையில் இருந்த அந்த ஒரு கம்ப்யூட்டர்தான். காலையில் பட்டனை அமுக்குவேன், சாயங்காலம் அணைப்பேன். அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று நான் கேட்டதே இல்லை.

கடைக்காரர் ஐம்பது வயதுக்காரர், மூக்கு நுனியில் கண்ணாடி. "யாருக்கும்மா? என்ன வேலைக்கு?" என்று கேட்டார். கொழுந்தனார் முந்திக்கொண்டார்.

"அண்ணன் பொண்ணுக்குங்க. பிளஸ் ஒன் படிக்குது. சாதாரண உபயோகத்துக்குத்தான். வெலை கம்மியா, ஆனா புதுசா காட்டுங்க."

அவர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று புத்தம் புதுசு. ரோஸ் நிற மூடி, பரீட்சை அட்டை கனம்தான் இருக்கும். இன்னொன்று சாம்பல் நிறத்தில் தடியாக இருந்தது. ஏதோ கம்பெனியில் மூன்று வருடம் ஓடியது, பேட்டரி மட்டும் புதிதாகப் போட்டிருக்கிறேன், உள்ளே நல்ல சரக்கு என்றார். மூடியின் ஓரத்தில் யாரோ ஸ்டிக்கரைக் கிழித்த தழும்பு இருந்தது. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை, பழசு ஆயிரம் ரூபாய் குறைவு.

அந்தப் பழசைத் திறந்ததும் என் கண் அதன் வலது ஓரத்துக்குப் போனது. அங்கே எண்கள் மட்டும் தனிக் கட்டமாக இருந்தன. ரோஸ் லேப்டாப்பில் அது இல்லை. கணக்கு ஏற்றுகிறவர்களுக்கு அந்தக் கட்டம்தான் கை. மேல் வரிசையில் இருக்கும் எண்களைத் தேடித் தேடி அடித்தால் ஒரு மஞ்சள் பை முடிவதற்குள் பொழுது போய்விடும். தொட்டுப் பார்ப்பதுபோல் கையை வைத்தேன். நாலு, ஐந்து, ஆறின் மேல் மூன்று விரல்களும் தாமாகப் போய் உட்கார்ந்தன. இரண்டு மாதத்துக்குப் பிறகு.

கடைக்காரர் என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கணக்கு வேலை பாக்குறீங்களாம்மா?" என்றார்.

கொழுந்தனார் என் பக்கம் திரும்பினார்.

அந்த ஒரு கேள்விக்காகத்தான் அவ்வளவு தூரம் போயிருந்தேன். அதைக் கேட்பதற்கான வழி தானாகவே வந்து முன்னால் நின்றது. ஆமாம் என்று சொல்லியிருந்தால் போதும், மிச்சத்தை அவரே பார்த்துக்கொண்டிருப்பார். "இல்லைங்க" என்றேன். "பொண்ணுக்குத்தான்."

"என்ன அண்ணி, எதுக்கு அதைத் தொடுறீங்க? புள்ளைக்கு எடுத்துக் குடுக்குறோம், யாரோ ஓட்டுன பழசையா குடுக்குறது? எங்க அண்ணன் படுத்துட்டாருன்னு பழசைக் குடுத்துட்டாகன்னு ஊரே பேசிரும்" என்றார் கொழுந்தனார்.

கடைக்காரர் தோளைக் குலுக்கிவிட்டு, "படிப்புக்குன்னா ரோஸே தாராளம்" என்று பழசை மூடினார். சுவர்க் கடிகாரத்தில் நாலு ஐந்து.

"தம்பி, வெயில்ல வந்தது தலை வலிக்குது. எதுத்தாப்புல ஒரு டீ சொல்லிட்டு வாங்களேன்" என்றேன்.

"எதுக்கும்மா அவரு போகணும், நம்ம கடைக்கே வருமே" என்று கடைக்காரர் போனை எடுத்து மூன்று டீ சொன்னார். நல்ல மனிதர்கள் செய்யும் உபகாரத்தைப் போல ஆளைக் கவிழ்ப்பது வேறு எதுவும் இல்லை.

அடுத்து என் போனை எடுத்து, 'அக்கவுண்ட்ஸ் சாஃப்ட்வேர் இதுல ஏறுமா?' என்று தட்ட ஆரம்பித்தேன். கொழுந்தனார் அங்கிட்டுத் திரும்பும்போது அந்தத் திரையைக் கடைக்காரரிடம் காட்டிவிடலாம் என்று எண்ணம். தட்டி முடிப்பதற்குள், "யாரு, அண்ணனா?" என்று என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். சட்டென்று அணைத்துப் பைக்குள் போட்டேன். "மெசேஜ்தான், ரீசார்ஜு" என்று ஏதோ உளறினேன். டீ வந்தது. நாக்கைச் சுட்டுக்கொண்டு குடித்தேன்.

நாலு இருபதுக்குக் கொழுந்தனார் எழுந்தே நின்றுவிட்டார். "அண்ணி, நாலரைக்கு ராகு காலம் ஆரம்பிச்சிரும். அதுக்குள்ள பில்லு போட்டாத்தான் பொருள் நெலைக்கும். புள்ள படிப்பு வெவகாரம். இல்ல, ஆறு மணி வரைக்கும் இங்கனயே ஒக்காந்திருக்கணும், பாத்துக்கங்க."

ஆறு மணி வரை உட்காரலாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வீட்டில் என் கணவரைத் தூக்கி உட்கார வைத்துச் சாப்பாடு கொடுக்க ஆள் கிடையாது. மகள் தோழி வீட்டில் படித்துவிட்டு எட்டு மணிக்குத்தான் வருவாள். பக்கத்து வீட்டு அக்கா ஐந்தரை வரைதான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். ஏறும், ஏறாமல் எங்கே போகும், எல்லா லேப்டாப்பும் லேப்டாப்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எண் கட்டம் இல்லாவிட்டால் தனியாக ஒன்று வாங்கிச் செருகிக்கொள்ளலாம் என்று சமாதானம் செய்துகொண்டேன். இரண்டு மாதமாகப் பீரோவில் சேலைக்கு அடியில் வைத்திருந்து கொண்டு வந்த பணத்தைக் கொடுத்தேன். பில்லில் நேரம் நாலு இருபத்தாறு என்று விழுந்தது. கொழுந்தனார் அதை இரண்டு முறை படித்துப் பார்த்து மகிழ்ந்தார். என்னைப் பஸ் ஏற்றிவிட்டு வல்லத்திராக்கோட்டைக்குக் கிளம்பினார்.

வீட்டில் ஆறு மணிக்கு மேல்தான் பெட்டியைப் பிரித்தேன். வாங்குவதற்கு ராகு காலம் பார்த்துவிட்டு, பிரிப்பதற்கு எப்படிப் பார்க்காமல் இருப்பது? சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன். கணவர் அதைத் தன்னிடம் கொண்டு வரச் சொல்லி, இடது கையால் குங்குமம் தொட்டு அந்த ரோஸ் மூடியில் ஒரு பொட்டு வைத்தார். பொட்டு கொஞ்சம் இழுபட்டது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நான் சார்ஜ் போடுவதாகச் சொல்லி அடுப்படிக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

பென் டிரைவைச் செருகினேன். கோப்பு தெரிந்தது. இரண்டு முறை தட்டினேன். இந்தக் கோப்பைத் திறக்க முடியாது என்று இங்கிலீஷில் ஒரு வரி வந்தது. பென் டிரைவை உருவி, ஊதி, மறுபடி செருகினேன். அதே வரி. அணைத்துப் போட்டுப் பார்த்தேன். அதே வரி. கீழே சின்ன எழுத்தில் இன்னும் நாலு வாக்கியம் இருந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தேன். இந்த ஜாதி லேப்டாப்பில் எல்லாமே இன்டர்நெட்டுக்குள்தான் ஓடும். வெளியிலிருந்து சாஃப்ட்வேரைக் கொண்டு வந்து ஏற்ற முடியாது. இதில் பாடம் படிக்கலாம், படம் பார்க்கலாம். என் வேலையை மட்டும் செய்ய முடியாது.

அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மணி ஏழு ஐந்து. நாளைக்குக் காலையில் கடை திறப்பதற்கும் எனக்கு நேரம் முடிவதற்கும் சரியாக இருக்கும். கடைக்குப் போன் செய்தால் பேசுவது அடுத்த அறையில் கேட்கும். செய்யாவிட்டால் பதினோரு வருட வேலை நாளைக்கு இன்னொரு பெண்ணுடையது. யாரிடம் கோபப்படுவது என்று தெரியவில்லை. கொழுந்தனாரைத் திட்டினேன், ராகு காலத்தைத் திட்டினேன். திட்டி முடித்த பிறகு, அந்தக் கடையில் இல்லைங்க என்று சொன்ன வாய் என்னுடையதுதான் என்பது மட்டும் மிச்சம் இருந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் என்மேல் எனக்குக் கோபம் வருகிறது.

"ஏ... இங்க வா" என்று அவர் கூப்பிட்டார்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு போனேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"ஏறலையா?"

"என்ன ஏறலையா?"

"ஆபீஸ்... கணக்கு."

அவர் மூச்சு எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகத் தள்ளினார். "கை காலுதான் வரல. காது... நல்லாத்தான் கேக்குது. கொல்லையில நின்னு... நீ கத்துன கத்து."

எனக்கு வந்தது ஆறுதல் இல்லை, ஆத்திரம். "தெரிஞ்சிக்கிட்டேதான் தம்பியக் கூட அனுப்புனீங்களா? அந்தாளு முன்னாடி வாயத் தொறக்க முடியாம நான் அங்க பட்ட பாடு தெரியுமா ஒங்களுக்கு? புதன்கெழமையே தெரியும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீ சொல்லுவேன்னு... இருந்தேன்."

"சொன்னா நீங்க தாங்க மாட்டீங்கன்னு இருந்தேன்."

தெருவில் ஒரு வண்டி போகும் வரை காத்திருந்துவிட்டு, "பில்லு எங்க?" என்றார்.

பில்லின் தலையில் கடை நம்பர் இருந்தது. போனை என்னிடம் தரவில்லை. மடியில் வைத்துக்கொண்டு இடது கட்டைவிரலால் ஒவ்வொரு எண்ணாகத் தொட்டார். இரண்டு முறை தப்பிப் போனது. நான் கை நீட்டினேன், தட்டிவிட்டார். மூன்றாவது முறை மணி அடித்தது. ஸ்பீக்கரில் போட்டுப் படுக்கையில் வைத்தார்.

கடைக்காரர் எடுத்தார். சாயங்காலம் வாங்கிய ரோஸ் லேப்டாப்பை மாற்ற வேண்டும், அந்தப் பழசு வேண்டும் என்று இவர் சொல்லி முடிக்கவே ஒரு நிமிடம் ஆனது. அவர் புரிந்துகொண்டு, "பெட்டியப் பிரிச்சிருப்பீங்களே சார். சரி, அதுக்கு ஏதோ கொஞ்சம் கொறச்சுக்கிட்டுத்தான் எடுத்துக்க முடியும். ஆனா எதுக்கு மாத்துறீங்க? பொண்ணு படிப்புக்கு அது தாராளமாப் போதுமே. வீணா நட்டப்படாதீங்க" என்றார்.

எனக்கு அந்தப் போனைப் பிடுங்கி அணைத்துவிட வேண்டும் போல இருந்தது. இவர் என்னைப் பார்க்கவில்லை. போனையே பார்த்துக்கொண்டு பேசினார்.

"படிப்புக்கு இல்லங்க. என் சம்சாரத்துக்கு. ஆபீஸ் வேலை. காலையில பத்து மணிக்கு... சேரணும்." நிறுத்தினார். "நான் டிரைவருங்க. எனக்கு இனிமே... வண்டி ஓட்ட வராது. அவ சம்பளந்தான்."

அந்தப் பக்கம் கடைக்காரர் ஏதோ அலமாரியைத் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "ஒம்பது மணி வரைக்கும் கடை இருக்கும் சார். அந்தச் சாம்பல் கலரை எடுத்து வைக்கிறேன். சாஃப்ட்வேரு இருந்தா அதையும் கொண்டு வரச் சொல்லுங்க, நானே ஏத்தி ஓட்டிக் காட்டிருறேன்" என்றார்.

இவர் போனை அணைத்தார். டாக்டர் சொன்னதை யார் இவரிடம் சொன்னது என்று கேட்க வந்தேன். கேட்கவில்லை. தன் கையைத் தானே பார்க்காமலா இருந்திருப்பார்? அடுத்த மாசம் அடுத்த மாசம் என்று இரண்டு மாதமாக எனக்காகத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். அது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"போ" என்றார். "பஸ்ஸு போயிரும்."

லேப்டாப்பையும் பென் டிரைவையும் பையில் வைத்தேன். பக்கத்து வீட்டு அக்காவிடம் போகிற வழியில் சொல்லிவிட்டுப் போவதாகச் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினார். நான் செருப்பைப் போட்டுத் திரும்பும்போது, இடது கையை ஊன்றி, மெல்ல மெல்லச் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டிருந்தார். விழுந்த நாளிலிருந்து அவரைத் திருப்பிப் படுக்க வைப்பது நான்தான். அன்றைக்குத்தான் முதல் முறையாகத் தானே திரும்பினார். அவர் தோள் குலுங்குவதை நான் பார்க்கக் கூடாது என்று அத்தனை பாடுபட்டுத் திரும்பியிருந்தார். நான் பார்த்தேன். பார்க்காதவள் மாதிரி, "போயிட்டு வாரேன்" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டுப் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன்.